‘ம்’ சொன்னால்தான் கதை

2025 ஜூலை 12, சனிக்கிழமை. மாதத்தின் இரண்டாவது சனி. நான் எழுத்தராக இருக்கும் பள்ளி அலுவலகத்துக்கு விடுமுறை. ஆனாலும் வேலைநாள் போலவே எழுந்து வெந்நீர் வைத்தேன். இரவெல்லாம் தூறியிருந்தது. இந்த மாதத்தில் ஏற்காட்டில் தோல் சாமான் எதுவானாலும் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பெல்ட், செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடைத்தேன். முகம் மழித்துக்கொண்டேன். குடைக்கம்பி ஒன்று துணியை விட்டு வெளியே வந்திருந்தது. அதை நூலால் இழுத்துக் கட்டினேன். மனைவி கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கடைவீதிக்கு நடந்து, மாரமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். பனிமூட்டத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மாரமங்கலத்தில் என் அக்கா இருக்கிறாள். அன்று அவள் குரலுக்குப் பரீட்சை.

நாங்கள் சேர்வராயன் மலையின் பழங்குடிகள். அரசாங்கப் பட்டியலில் எங்கள் பெயர் மலையாளி. கேரளத்துக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவோம். எங்கள் சாமான்களையும் படங்களையும் வைக்க ஏற்காட்டில் ஒரு காட்சிக்கூடம் தயாராகிக்கொண்டிருந்தது. சென்னையில் இருக்கும் ஓர் அமைப்பு அதைச் செய்தது. பானை, கூடை, எருது பிடிக்கும் கயிறு எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு மூலையில் மட்டும் ஒரு பெட்டி வைப்பதாகத் திட்டம். பொத்தானை அழுத்தினால் எங்கள் முன்னோர் இந்த மலைக்கு வந்த கதை கேட்கும். அந்தக் கதையை எங்கள் ஊரில் அக்காவைப் போல யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கதையை ஆரம்பித்துவிட்டால் சோறு வெந்துவிட்டது என்று சொன்னாலும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு அந்த அமைப்பு அனுப்பிய ஒரு பெண் சென்னையிலிருந்து வந்து அக்கா வீட்டில் கதையைப் பதிவு செய்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல பெண். எல்லோரையும் வணங்கினாள், கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள். மைக்கை வைத்ததும் என்னைப் பார்த்து, தப்பாக நினைக்காமல் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டாள். கோழியையும் வெளியே அனுப்பியிருந்ததால் நான் தப்பாக நினைக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்றேன். அக்கா முதல் வாக்கியத்தைச் சொன்னாள். பிறகு சத்தமே இல்லை. நீண்ட நேரம் சத்தமில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் மேலே சொல்லச் சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏங்கண்ணு, காது கேக்குதா?” என்றாள் அக்கா.

கதை சொன்னால் எதிரில் ஒருவர் ‘ம்’ கொட்ட வேண்டும். இது எங்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்று நான் சொல்லவில்லை, மலைக்குக் கீழேயும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் இதில் சலுகை கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ம்’ வர வேண்டும். வராவிட்டால் கேட்கிறவர் தூங்கிவிட்டார் அல்லது கோபித்துக்கொண்டார் என்று பொருள். கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தலையாட்டுவது கணக்கில் வராது. இருட்டில் கதை கேட்டுப் பழகியவர்களுக்குத் தலை எதற்கு?

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ‘ம்’ கொட்டுகிறவன் நான்தான். அதனால் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பதிவு முடிந்தது. என் ‘ம்’ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம், கவலையில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். நாங்களும் கவலைப்படவில்லை. நாகலூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அக்கா போன் செய்து, இனிமேல் ஏற்காட்டுக்கு வருகிற டூரிஸ்ட் எல்லோரும் தன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் ஏரிக்குப் போவார்கள் என்று சொன்னாள். பஸ்ஸில் கண்டக்டரிடமும் சொன்னாள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அமைப்பின் இயக்குநருக்கு, அக்காவின் பேச்சு எல்லோருக்கும் புரியுமா என்று முன்கூட்டியே ஒரு சந்தேகம். அதனால் அதே கதையைத் தமிழாசிரியர் ஒருவரை எழுதவைத்து, சேலத்தில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் ஒருவரைக் கொண்டு படிக்கவும் வைத்திருந்தார். ஊரில் இரண்டையும் போட்டுக் காட்டி, எது எடுபடுகிறதோ அதைப் பெட்டியில் வைப்பது என்று முடிவு. சனிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் நான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அக்கா நின்றிருந்தாள். பொங்கலுக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். சமுதாயக் கூடத்தில் ஊர் முக்கால்வாசி கூடியிருந்தது. முன்வரிசையில் ஊர்க்கவுண்டர், அதாவது எங்கள் ஊர்ப் பெரியவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்து, முதலில் அக்காவின் பதிவைப் போட்டாள்.

“காஞ்சிபுரத்துல அண்ணந்தம்பி மூணு பேரு இருந்தாங்க.”

“ம்” என்றது ஊர்.

ஆனால் ஊர் ‘ம்’ என்பதற்குள் ஸ்பீக்கரில் இருந்த அக்கா அடுத்த வாக்கியத்தில் பாதியைக் கடந்துவிட்டாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே நாய் இருந்த செய்தி யார் காதிலும் விழவில்லை. ஊர் மறுபடியும் ‘ம்’ என்றது. அதற்குள் சாமியைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். என் ‘ம்’மை எடுத்த இடங்களை அந்தப் பெண் நெருக்கி ஒட்டியிருந்தாள். இடைவெளியே இல்லை. ஊரும் விடவில்லை, வேகத்தைக் கூட்டியது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ‘ம்’ மட்டும்தான் கேட்டது. மாவு மில் ஓடுவது போல இருந்தது.

ஊர்க்கவுண்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“ஏனுங்கம்மணி, அந்தப் பொம்பளைக்கு என்ன பஸ்ஸு பொறப்படுதா? இத்தன அவசரம் எதுக்குங்க?”

எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “அது நானில்லீங்க மாமா. நான் இப்பிடியா பேசறேன்? மூச்சு உட வேண்டாமா அவ?” என்றாள். ஸ்பீக்கரைப் பார்த்த பார்வையில் அதற்குள் வேறு ஒருத்தி இருப்பதாகவே அவள் நம்பியது தெரிந்தது.

அடுத்து சேலத்துக் குரலைப் போட்டார்கள். கனமான, எண்ணெய் போட்டது போன்ற குரல். “பன்னெடுங்காலத்துக்கு முன்பு காஞ்சி மாநகரில் மூன்று சகோதரர்கள் வாழ்ந்து வந்தனர்” என்று தொடங்கியது. பின்னால் புல்லாங்குழல் வேறு. கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. யாரும் ‘ம்’ சொல்லவில்லை. ஊர்க்கவுண்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெரியம்மா மகன் ஒருவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் காணாமல் போன குழந்தையைப் பற்றி மைக்கில் சொன்னால், நம் குழந்தை பக்கத்தில் இருக்கும்போது எப்படிக் கேட்டுக்கொண்டிருப்போமோ அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முழுவதும் முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் குனிந்து, “சார், இதுக்கு எவ்வளவு அமைதியா இருந்தாங்க பாத்தீங்களா? அம்மாவோடதுக்கு ஒரே சத்தம். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஊருக்கு எது பிடிச்சிருக்குன்னு தெளிவாத் தெரியுது” என்றாள்.

இதை அக்காவும் கேட்டுவிட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் அது இல்லை.

நான் பொறுமையாக விளக்கினேன். எங்கள் ஊரில் அமைதி என்றால் கேட்கவில்லை என்று அர்த்தம். சத்தம் போட்டார்கள் என்றால் விழுந்து விழுந்து கேட்கிறார்கள் என்று அர்த்தம். சேலத்துக்காரருக்கு ஊர் ஒரு ‘ம்’ கூடத் தரவில்லை. கல்யாண வீட்டில் இப்படி நடந்திருந்தால் அவர் சாப்பிடாமல் ஊருக்குப் போயிருப்பார். அந்தப் பெண் புரிந்துகொள்கிறவள். சிறிது நேரம் யோசித்துவிட்டு, என் ‘ம்’மோடு இருக்கும் முதல் பதிவு கைவசம் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

நான் அதற்குச் சம்மதித்திருக்கக் கூடாது.

இப்போது ஸ்பீக்கரில் அக்கா நிதானமாகச் சொன்னாள். இடைவெளி இருந்தது, அதில் என் ‘ம்’மும் இருந்தது. ஊர் தன் ‘ம்’மைச் சொல்லிவிட்டு உடனே என்னுடையதை ஆராயத் தொடங்கியது. பெரியம்மா மகன்தான் முதலில் கண்டுபிடித்தான். அக்கா வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே நான் ‘ம்’ போட்டுவிடுகிறேனாம். மறுபடியும் போடச் சொன்னார்கள். ஆமாம், எல்லா இடத்திலும் அவள் கடைசிச் சொல்லின் மேல் என் ‘ம்’ ஏறி உட்கார்ந்திருந்தது. நான் எதையும் நேரத்துக்குச் செய்கிறவன், ஒரு நொடி முன்னதாகவே. அது ஆபீஸில் நல்ல குணம்.

“டீ ஆறிப் போவுதுன்னு பறக்கறவனாட்டம் சொல்றான்” என்றார் ஊர்க்கவுண்டர். பின்வரிசையில் ஒரு பெண், லைசென்ஸ் கேட்கிற போலீஸுக்குச் சொல்கிற ‘ம்’ என்றாள். இன்னொருத்தி அதை அப்படியே சொல்லிக் காட்டினாள். நன்றாகவே சொன்னாள்.

இதனால் வேறு ஒரு தொல்லை. பதிவில் அக்காவின் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் நான் இருந்ததால் என்னை வெட்டினால் வாலும் போய்விடும் என்றாள் அந்தப் பெண். அதனால்தான் அவள் நெருக்கி ஒட்ட வேண்டியிருந்தது. புதிதாகத்தான் பதிவு செய்ய வேண்டும். அதற்கு இயக்குநர் சம்மதிக்க வேண்டும். அவரோ சேலத்துக் குரலைக் கேட்டு ஏற்கெனவே திருப்தியடைந்தவர்.

கூடத்தில் சிக்னல் கிடைக்காது. ரோட்டு வளைவில், பலா மரத்துக்கு எதிரே நின்றால் கிடைக்கும். அங்கே போனோம். அக்காவையும் மாட்டுக்கொட்டகையிலிருந்து கூட்டிக்கொண்டு போனோம். ஊரில் பாதி எங்கள் பின்னால் வந்தது. அந்தப் பெண் இயக்குநரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, கேட்பவர்கள் சத்தம் போடுவதற்காக ஒரு பதிவை மாற்றுவது சரியாகப் படவில்லை என்றார். அப்படி அதில் என்னதான் இருக்கிறது, அந்த அம்மாவையே கொஞ்சம் சொல்லச் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு போனுக்கு எதிரே நின்றாள்.

“காஞ்சிபுரத்துல அண்ணந்தம்பி மூணு பேரு இருந்தாங்க.”

போனில் சத்தமில்லை. நாங்கள் ‘ம்’ சொல்ல வாயெடுத்தோம். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். கேட்பது அவர், சொல்ல வேண்டியதும் அவர். ஒரு நிமிஷம் பார்த்தாள். “லைனு கட்டாயிப் போச்சு” என்று போனை அணைத்துவிட்டாள்.

அவரே திரும்பக் கூப்பிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது, தான் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை அவர் மீது இரக்கப்பட்டுச் சில வாக்கியங்கள் சேர்த்தே சொன்னாள். மூன்று பேருக்கும் ஒரே நாய். சாமியைக் கூடையில் தூக்கிக்கொண்டு மலை மலையாக நடந்தார்கள். இந்த மலைக்கு வந்ததும் மூத்தவர், எனக்கு முட்டி வலிக்கிறது, நான் இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அவர் பிள்ளைகள். தம்பிகள் இருவரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் புறப்பட்டார்கள்.

“நாயி மட்டும் ஆரு கூடப் போறதுன்னு தெரியாம நடுவால நின்னுச்சு.”

போனில் சத்தமில்லை.

“தூங்கீட்டாரு பாவம்” என்று அக்கா அணைத்துவிட்டாள்.

மூன்றாவது முறை மணி அடித்தபோது எடுத்தவுடனே அவர் கேட்டார்: “நாய் யார்கூடப் போச்சு?”

“நடுவால இருந்தெல்லாம் சொல்ல முடியாதுங்க” என்றாள் அக்கா. “காஞ்சிபுரத்துல அண்ணந்தம்பி மூணு பேரு இருந்தாங்க.”

அந்தப் பெண் போன் பக்கமாகக் குனிந்து, “சார், ம் சொல்லுங்க சார்” என்று கெஞ்சினாள்.

“ம்” என்றார் இயக்குநர்.

அப்புறம் தடையில்லை. முதலில் கொஞ்சம் கூச்சமாகச் சொன்னார். முட்டி வலிக்கு வந்தபோது அவர் ‘ம்’மில் சிரிப்பு இருந்தது. நாய் நடுவில் நின்றபோது, நீளமாக, கடைசியில் மேலே ஏறுகிற ‘ம்’ ஒன்று வந்தது. பலா மரத்தடியில் நின்ற ஊர் அதைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. என்னைவிட நன்றாகச் சொல்கிறார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நானும் அதை மறுக்கவில்லை.

நாய் மூத்தவரோடு இருந்துவிட்டது. சோற்று மூட்டை அவரிடம்தான் இருந்ததாம்.

கதை முழுக்க முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா போனை அணைக்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் அந்தப் பெண்ணிடம் பேசினார். சேலத்துப் பதிவு வேண்டாம். ஆனால் தனியாக வந்து பொத்தானை அழுத்துகிறவன் ‘ம்’ சொல்லாவிட்டால் என்ன செய்வது? வெறும் இடைவெளி விட்டால் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று தட்டுவானே என்றார். அந்தப் பெண், பெட்டியில் ஒரு சின்ன மைக் வைத்துவிடலாம், சத்தம் கேட்டால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போகும்படி செய்துவிடலாம் என்றாள். யாராவது இருமினாலும் போய்விடுமே என்றார் அவர்.

“இருமுனா முளிச்சிருக்காங்கன்னுதானுங்களே அர்த்தம்?” என்றாள் அக்கா. “சொல்லலாமுங்க.”

ஒன்றும் சொல்லாமல் நிற்பவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார் அவர்.

“அவிங்களுக்கு எதுக்குங்க கதை? ஏரியப் பாத்துட்டுப் போவட்டும்.”

இயக்குநர் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் அந்தப் பெண் கிளம்பியாக வேண்டும். அதற்குள் வால் அறுபடாமல் புதிதாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்றார். ‘ம்’ கொட்டுவது யார் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் நாசூக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். ஊர்க்கவுண்டர் அந்தப் பெண்ணைக் காட்டினார். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும், முன்பே பழகிய கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்றார்.

திரும்பி நடக்கும்போது அக்காவிடம், நான் சீக்கிரமாகச் சொல்கிறேன் என்பது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

“தெரியாம என்ன. சின்னப் புள்ளையிலிருந்தே அப்பிடித்தான் சொல்றே.”

“அப்பறம் ஏக்கா சொல்லல?”

“சொன்னா நீ கரெக்ட்டாச் சொல்லோணும்னு மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்துக்குவே. நொம்பக் கஷ்டம் சாமி அது” என்றாள்.

அன்று நான் அக்கா வீட்டிலேயே தங்கினேன். அந்தப் பெண்ணும் அங்கேதான் தங்கினாள். சாப்பாடு ஆனதும் அக்கா அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். கதை எதுவும் இல்லை, மாட்டுக்கு என்ன வயசு, மிளகு இந்த வருஷம் எப்படி என்று சாதாரணப் பேச்சுத்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். அந்தப் பெண் முதலில் ‘ஓகே’ என்றாள், பிறகு ‘சரிங்கம்மா’ என்றாள். தூங்கப் போகும்போது ஒழுங்காக ‘ம்’ வந்துவிட்டது. படுத்தபிறகு அக்கா, கதவைத் தாழ் போட்டாச்சா என்று என்னைக் கேட்டதற்கும் அடுத்த அறையிலிருந்து அந்தப் பெண்தான் ‘ம்’ என்றாள். தாழ் போட்டிருக்கவில்லை. நான் எழுந்து போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், யாரும் இன்னும் பல்கூட விளக்காத நேரத்தில், அக்கா அந்தப் பெண்ணை எழுப்பி மைக்கை வைக்கச் சொன்னாள். தூங்கி எழுந்த தொண்டைதான் கதைக்கு நல்லது, காப்பி குடித்தால் குரல் வழுக்கும் என்பது அவள் எண்ணம். நான் கோழிகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே காஞ்சிபுரத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். அக்கா வாக்கியத்தை முழுதாக முடித்தாள். ஒரு மூச்சு கழித்து, அரைத் தூக்கத்தில், அந்தப் பெண் ‘ம்’ என்றாள்.